கழுத்துக்குள் நாலு கணக்குப்பிள்ளைகள்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் சுகாதார நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கோயிலுக்கு அந்தக் காலத்தில் வேறொரு பெயர் இருந்தது. சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். இன்று நகைக்கடையும் பூக்கடையும் நிறைந்திருக்கும் அந்த வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அதனால்தான் அந்த இடத்துக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர் விழுந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர் இன்றும் வழவழவென்று இருக்கிறதே, அதற்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்புக் கலவை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் அரைத்துப் பூசியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கால்சியத்துக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே சுண்ணாம்புச் சத்துதான். ஊரைக் கட்டிய அதே பொருள்தான் நம் உடம்பையும் கட்டியிருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு கூடினால் கொத்தனார் கவலைப்பட மாட்டார். ரத்தத்தில் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும் என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு.

நான் மருத்துவர் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் வாங்கியவள். கேமரா முன்னால் நிற்கத் தெரியும், மருத்துவர்களிடம் கேள்வி கேட்கத் தெரியும், அவ்வளவுதான். பிறகு ஏன் நான் பேசுகிறேன்? என் வீட்டில் நடந்ததால் பேசுகிறேன். அதுவும் நான் வாரா வாரம் மேக்கப் போட்டுக்கொண்டு சுகாதார நிகழ்ச்சி நடத்திய காலத்தில், என் கண் முன்னாலேயே நடந்தது.

என் அம்மாவுக்கு அப்போது 61 வயது. ஐந்தாறு வருடத்துக்குள் இரண்டு முறை சிறுநீரகத்தில் கல். முதல் தடவை வந்தபோது வாழைத்தண்டுச் சாறு குடித்தார். இரண்டாம் தடவை மருத்துவமனையில் உடைத்து எடுத்தார்கள். தக்காளியைக் குறை, கீரையைக் குறை என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. மலச்சிக்கல் வேறு. அதற்குக் கடுக்காய்ப் பொடி. ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம் போவார். வயது என்றோம். எதைச் சொன்னாலும் அழுவார், அல்லது எரிந்து விழுவார். அப்பா போனதிலிருந்து இப்படித்தான் என்றோம். அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்து போய் இரண்டு தடவை சட்டி கருகிவிட்டது. ஒருநாள் படப்பிடிப்பு முடித்து அலுத்து வீட்டுக்கு வந்த நான், "என்னம்மா இது, வீட்டைக் கொளுத்திடுவியா?" என்று கத்தியிருக்கிறேன். "எனக்கு என்னமோ ஆகுதுடி, உனக்குச் சொன்னா புரியாது" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதற்கு நடுவே அம்மாவுக்கு எலும்பு தேயக்கூடாது என்று நானே கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய பாட்டில். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

அம்மாவின் ஆண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் கால்சியம் 2.66. அடுத்த வருடம் 2.74. இரண்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்ற குறி அச்சாகியிருந்தது. கொழுப்பைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் அந்த மருந்தகத்தில் அம்மாவிடம் கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த மருந்தகம் என்பது இங்கே வேண்டாம். அந்தத் தாளை வாங்கி டின்னில் போட்டவள் நான். நானும் படிக்கவில்லை.

ஈரமான சந்தைத் தரையில் அம்மா வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை. கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அங்கே கட்டுப் போட்ட இளம் பெண் மருத்துவர்தான் வரிசையாகக் கேட்டார்: கல் வந்திருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, அதிகம் தாகம் எடுக்கிறதா, மனம் சோர்வாக இருக்கிறதா? அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "ஆன்ட்டி, இதெல்லாம் தனித்தனி நோய் இல்லாமலும் இருக்கலாம், இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம்" என்றார். அன்றைக்குத்தான் பாராதைராய்டு என்ற சொல்லை என் வீட்டில் முதன்முதலாகக் கேட்டோம்.

தைராய்டு எல்லோருக்கும் தெரியும். கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி போல இருப்பது. அதன் முதுகுப் பக்கமாக, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஒட்டிக்கொண்டிருப்பவைதான் பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி, மிஞ்சினால் ஒரு பயறு அளவு. பெயர்தான் ஒன்று போல இருக்கிறது, தைராய்டு வேலைக்கும் இதன் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது.

இதை முதலில் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1834இல் இந்தியாவிலிருந்து ஒரு காண்டாமிருகம் லண்டன் விலங்குத் தோட்டத்துக்குப் போனது. 1849இன் கடைசியில் அது இறந்துபோக, ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்று அறிஞர் அதை அறுத்து ஆராய்ந்தார். அவ்வளவு பெரிய மிருகத்தின் கழுத்தில், தைராய்டை ஒட்டி, மஞ்சளாக ஒரு சிறு சுரப்பி இருப்பதைக் குறித்து வைத்தார். ஆக, மருத்துவ உலகம் முதலில் பார்த்த பாராதைராய்டு நம் இந்தியக் காண்டாமிருகத்தினுடையது! மனிதனிடம் அது இருப்பதைக் கண்டவர் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். முதலில் ஒரு நாயிடம் பார்த்தார், பிறகு 50 சடலங்களை ஆராய்ந்து 1880இல் கட்டுரை வெளியிட்டார். அதை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் தைராய்டை வெட்டி எடுக்கும்போது இந்த அரிசிமணிகளும் சேர்ந்து போய், சில நோயாளிகள் கைகால் இழுத்துக்கொண்டு துடித்தார்கள். ஏன் என்று புரியவில்லை. கால்சியம் குறைந்ததால்தான் அந்த இழுப்பு, கால்சியம் கொடுத்தால் நிற்கிறது என்பதை அமெரிக்காவில் மெக்கல்லம், வோக்ட்லின் என்ற இருவர் காட்டியது 1909இல்.

சரி, அவை என்னதான் செய்கின்றன? ஒரு பெரிய தோட்டத்துக் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். அது வங்கியில் போட்ட பணம். ரத்தத்தில் ஓடுவது ஒரு கிராமுக்கும் குறைவு. அது சட்டைப் பையில் இருக்கும் சில்லறை. ஆனால் இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும், நரம்பு சேதி அனுப்புவதும், ரத்தம் உறைவதும் அந்தச் சில்லறையை நம்பித்தான். அது கொஞ்சம் குறைந்தால் கணக்குப்பிள்ளை ஒரு ஹார்மோனை அனுப்புகிறார். அந்த ஹார்மோன் மூன்று கதவைத் தட்டும். எலும்பிடம் போய், கொஞ்சம் கால்சியத்தை விடு என்கிறது. சிறுநீரகத்திடம் போய், கால்சியத்தை வெளியே விடாதே, அதற்குப் பதில் பாஸ்பரஸைத் தள்ளு என்கிறது. அதே சிறுநீரகத்திடம் விட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறது. அந்த விட்டமின் டிதான் குடலிலிருந்து உணவுக் கால்சியத்தை உள்ளே இழுக்கும். ரத்தத்தில் அளவு சரியானதும் கணக்குப்பிள்ளை பேனாவை மூடிவிடுவார்.

அம்மாவுக்கு நடந்தது என்னவென்றால், நால்வரில் ஒருவர் பேனாவை மூட மறுத்துவிட்டார். சுரப்பி கட்டி போலப் பெருத்து, கேட்பாரில்லாமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருந்தது. எலும்பு கரைந்து ரத்தத்துக்கு வந்தது, ரத்தத்திலிருந்து சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லானது. மூளை மந்தமானது, குடல் மந்தமானது. இந்த நோய் வருபவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் ஒரே ஒரு சுரப்பியில்தான் கோளாறு. புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு அதிகம்.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருக்கும்போது கணக்குப்பிள்ளை தூங்க வேண்டும். அப்போதும் அவர் எழுதிக்கொண்டிருந்தால் திருடர் அவர்தான். அவர் ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருக்க, கால்சியம் மட்டும் ஏறியிருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். புற்றுநோய், காசநோய், அளவுமீறிய விட்டமின் டி என்று பல காரணம் உண்டு. மருத்துவரிடம் "இரண்டையும் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. கோபித்துக்கொள்ள மாட்டார்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970களிலிருந்து ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் கால்சியத்தையும் வழக்கமாகவே அளந்து சொல்ல ஆரம்பித்தன. அதனால் அங்கே பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தெரியும் முன்பே நோய் பிடிபடுகிறது. இந்தியாவில் நிலைமை வேறு. லக்னோ, சண்டிகர், தில்லி மருத்துவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எலும்பு முறிந்து, கல் வந்து, படுக்கையில் விழுந்த பிறகு வருபவர்களே அங்கே அதிகம். அதுவும் முப்பது, நாற்பது வயதில். விட்டமின் டி பற்றாக்குறையும் சேர்ந்துகொள்வதால் எலும்பு மேலும் வேகமாகப் போகிறது. சிங்கப்பூரில் நமக்குப் பரிசோதனை கிடைக்கிறது. தாளும் கிடைக்கிறது. தாளைப் படிக்கத்தான் ஆளில்லை.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் வேண்டியதில்லை. எலும்பு தேய்ந்திருந்தால், கல் இருந்தால், சிறுநீரகம் பலவீனப்பட்டிருந்தால், கால்சியம் ரொம்ப உயர்ந்திருந்தால், அல்லது வயது 50க்குள் இருந்தால் சுரப்பியை எடுத்துவிடுவதே நல்லது என்பது பொதுவான நெறி. மற்றவர்களைக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். "கழுத்தை அறுக்கப் போறாங்களா?" என்று அம்மா பயந்தார். எனக்கும் பயம்தான். பெரியம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்கள்.

இந்த அறுவையின் பழைய கதைகளைப் படித்தால் பயம் வரத்தான் செய்யும். 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற மருத்துவர் ஒரு டிராம் வண்டி நடத்துநருக்கு முதன்முதலில் இந்தக் கட்டியை எடுத்தார். அதற்கு அடுத்த வருடம் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டன் பாஸ்டன் மருத்துவமனைக்கு வந்தார். எலும்பு கரைந்து கரைந்து அவர் உயரத்தில் ஏழு அங்குலம் குறைந்துபோயிருந்தது. ஆறு தடவை அறுத்துப் பார்த்தும் கட்டி கிடைக்கவில்லை. அந்த மனிதர் நூலகத்துக்குப் போய்த் தானே உடற்கூறு படித்து, நெஞ்சுக்குள் தேடுங்கள் என்று சொன்னதாக அவருக்குச் சிகிச்சை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1932இல் ஏழாவது அறுவையில் நெஞ்சுக்குள்தான் கட்டி இருந்தது! கருவில் குழந்தை வளரும்போது கீழ்ச் சுரப்பிகள் கழுத்தில் மேலிருந்து கீழே இறங்கி வருகின்றன. சில பேருக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நெஞ்சுவரை போய்விடும். பாவம், கேப்டன் அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே சிறுநீரகக் கல்லின் விளைவால் இறந்துபோனார்.

இன்று அப்படித் துழாவ வேண்டியதில்லை. அம்மாவுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி ஒரு ஸ்கேன். இடப்பக்கம் கீழ்ச் சுரப்பி மட்டும் விளக்குப் போலத் தெரிந்தது. அறுவையன்று நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாராதைராய்டு ஹார்மோனின் ஆயுள் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான். அதனால் கட்டியை எடுத்தபின் பத்து நிமிடம் காத்திருந்து, அறுவை அறையிலிருந்தே ரத்தத்தை அனுப்பி அளக்கிறார்கள். ஹார்மோன் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் சரியான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். இறங்கவில்லை என்றால் இன்னொருவரும் கூட்டுக் களவாணி, தேட வேண்டும். அம்மாவுக்கு இறங்கியது. வெட்டு இரண்டு விரற்கடை நீளம்கூட இல்லை. எடுத்த சுரப்பி ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். சாதாரணமாக அது இருக்க வேண்டிய எடை ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு!

மறுநாள் அம்மாவின் உதட்டோரம் மரத்துப்போய், விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை ஆவலோடு இழுத்துக்கொள்வதாலும், சும்மா இருந்து பழகிய மற்ற மூன்று சுரப்பிகள் விழித்தெழக் கொஞ்ச நாள் ஆவதாலும் அப்படி வருமாம். மாத்திரையில் சரியானது.

இது என்னை அடுத்த விஷயத்துக்குக் கொண்டுவருகிறது: கால்சியம் குறைவது. இதற்கு முக்கியக் காரணம் தைராய்டு அறுவை. நம் பெண்களில் எத்தனையோ பேர் தைராய்டு அறுவை செய்துகொண்டவர்கள். அந்தச் சமயத்தில் அரிசிமணிகள் அடிபட்டாலோ, அவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்பட்டாலோ, ஓரிரு நாளில் உதடு மரத்துப்போகும், கை கால் சுண்டி இழுக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகும். சிலருக்கு நிரந்தரம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கினால் விரல்கள் குவிந்து மடங்கிக்கொள்வது இதன் பழைய அடையாளம், ட்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது. அறுவை எதுவும் இல்லாமலே சுரப்பி செயலிழப்பவர்களும் உண்டு. வலிப்பு வருகிறது என்று வருடக்கணக்காக வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கடைசியில் கால்சியம் குறைவு என்று தெரிய வந்த கதைகள் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வுகளில் இருக்கின்றன. கண்ணில் இளம் வயதிலேயே புரை விழுவதும் இதனால் நேரலாம். அதனால் வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத வலிப்பு இருந்தால் கால்சியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். மெக்னீசியமும் பார்க்க வேண்டும். அது குறைந்தால் கணக்குப்பிள்ளை வேலையே செய்ய மாட்டார். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கும் பெரியவர்களுக்கு மெக்னீசியம் குறைய வாய்ப்புண்டு.

இழந்த ஹார்மோனுக்கு ஈடாகக் கால்சியமும், செயல்படும் விட்டமின் டியும் ஆயுளுக்கும் சாப்பிட வேண்டியிருந்தது. அந்த ஹார்மோனையே தினம் ஒரு ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பாலோபெக்டெரிபாராடைடு என்ற மருந்துக்கு 2023இல் ஐரோப்பாவும் 2024இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்திருக்கின்றன. பெயரை நான் ஒரு வாரம் சொல்லிப் பழகினேன்.

அடுத்து, நம் சமூகத்தில் ஆக அதிகம் பேரைத் தொடும் விஷயம். மறுபடியும் சிராங்கூன் சாலைக்கே வருகிறேன். தேக்காவிலிருந்து நேரே போனால் குவோங் வாய் ஷியு மருத்துவமனை வரும். டாக்டர் கூ ஊன் டெக் 1969இல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் முதல் ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் 1982இல் அங்கேதான் திறக்கப்பட்டது. இன்று தீவு முழுக்க அப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூவரில் இருவருக்குக் காரணம் நீரிழிவு. நீரிழிவில் நம்மவர்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் மட்டும் போகவில்லை. பாஸ்பரஸை வெளியேற்றும் வழி அடைந்துவிட்டது. விட்டமின் டியைச் செயல்பட வைக்கும் பட்டறையும் மூடிவிட்டது. கால்சியம் இறங்குகிறது, பாஸ்பரஸ் ஏறுகிறது. நாலு கணக்குப்பிள்ளைகளும் பதறிப்போய் இரவு பகலாக எழுதுகிறார்கள். இங்கே அவர்கள் திருடர்கள் இல்லை, கம்பெனி திவாலானதால் தவிக்கிறவர்கள். ஆனால் விளைவு ஒன்றுதான். எலும்பு வலி, தாங்க முடியாத தோல் அரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படிகிறது. காளவாயில் இருக்க வேண்டியது இதயத்தில்!

எங்கள் புளோக்கில் அப்பாவின் நண்பர் ஒருவர் இருந்தார். ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தவர். சாயங்காலம் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் அது வேலை செய்யும், ஏனென்றால் அது உணவில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் நண்பர்கள் முன்னால் மாத்திரை எடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு, ராத்திரி படுக்கும் முன் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடுவார். "மருந்துதானேம்மா, எப்ப போட்டா என்ன?" என்பார். வெறும் வயிற்றில் அது எதைக் கட்டும்? தினமும் விழுங்கியும் அவருக்கு அது உதவவில்லை. யாரும் அவரிடம் நம் மொழியில் உட்கார்ந்து விளக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கறுப்புக் கோலா பானம், சாசேஜ், நக்கட், உடனடி மீ வகைகளில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புதான் ஆக மோசம், கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் ஏறிவிடும். பருப்பில் இருப்பது அந்த அளவு ஏறாது. ஆகவே சாம்பாரைப் பார்த்துப் பயந்துவிட்டு நக்கட் சாப்பிடாதீர்கள். அளவை உங்கள் உணவியல் நிபுணர் சொல்வார்.

மாத்திரைப் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு 140 கிலோமீட்டர் தூரத்தில் வாழ்கிறோம். வெயிலுக்குப் பஞ்சமா? ஆனாலும் விட்டமின் டி குறைவு இங்கே சாதாரணம். கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில் சீனப் பெண்களைவிட மலாய், இந்தியப் பெண்களிடமே குறைவு அதிகமாகத் தெரிந்தது. நம் தோலின் நிறம் வெயிலைத் தடுக்கிறது, குடையும் குளிர்சாதனமும் மிச்சத்தைத் தடுக்கின்றன. குறைவு என்று பரிசோதனை சொன்னால் மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள். ஊரில் போய் 6 லட்சம் அலகு ஊசியை மாதாமாதம் போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது தேவைக்கு மேல் போனால் கால்சியம் எகிறி, வாந்தியும் மயக்கமுமாக மருத்துவமனையில் சேர வேண்டியதுதான். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையேல் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது.

வெற்றிலைப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப் புற்றுநோய் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதில் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான். சிப்பிச் சுண்ணாம்பு தடவிய பாக்கை நாள் முழுக்க மென்றவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதித்ததைத் தைவான் மருத்துவர்கள் 1990களில் எழுதியிருக்கிறார்கள். என் ஆயா சுளுக்குக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவார். அது வெளியே, பரவாயில்லை.

உணவைப் பொறுத்தவரை சுகாதார மேம்பாட்டு வாரியம் 50 வயது வரை நாளுக்கு 800 மில்லிகிராம், அதற்கு மேல் 1,000 மில்லிகிராம் கால்சியம் என்கிறது. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகிலும் 300க்கு மேல். முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் தேக்காவிலேயே கிடைக்கின்றன. அம்மாவுக்கு இருந்த நோய்க்குக்கூடப் பாலை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் சுரப்பி எலும்பை இன்னும் சுரண்டுமாம். நான் வாங்கிக் கொடுத்த பாட்டிலைத்தான் நிறுத்தச் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று, சென்னையில் பரிசோதனை செய்துகொண்டு வருபவர்களுக்கு. அங்கே கால்சியத்தை மில்லிகிராம் கணக்கில் 8.5 முதல் 10.5 வரை என்று எழுதுவார்கள். இங்கே மில்லிமோல் கணக்கில் சுமார் 2.1 முதல் 2.6 வரை. இங்கத்திய எண்ணை நாலால் பெருக்கினால் அங்கத்திய எண் வரும். சென்னையில் 10, இங்கே 2.5 என்றால் குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பெண்கள் இன்னொரு கணக்கும் போடலாம். வயதிலிருந்து எடையைக் கிலோவில் கழியுங்கள். 20க்கு மேல் வந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு 61இலிருந்து 54ஐக் கழித்தால் 7தான் வந்தது. அப்படியும் முறிந்தது. அதனால் இந்தக் கணக்கு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று இடைவேளையில் ஒரு அக்கா கேட்டார். கால்சியம் 2.3இல் நிற்கிறது. கல் திரும்பவில்லை. ராத்திரி தூங்குகிறார். மறதி முழுதாகப் போகவில்லை, அதில் எவ்வளவு நோய், எவ்வளவு வயது என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுகை நின்றுவிட்டது. சண்டை நிற்கவில்லை. போன வாரம் என் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. நான் பிரிக்கும் முன்பே அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்து, மேலிருந்து கீழ்வரை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "கால்சியம் 2.34, சரியா இருக்குடி. கொழுப்புதான் கூடிப்போச்சு, பரோட்டாவைக் குறை" என்றார்.

நேரம் முடிந்துவிட்டது என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகளுக்கு என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவர் பதில் சொல்வார்.